உப்புக் குறைந்த கடலும் உப்பால் எழுந்த நகரமும்

ஹன்சா வணிகர்களின் நாட்காட்டியில் நவம்பர் 11ஆம் திகதி, அதாவது புனித மார்ட்டின் திருநாள், கடலை மூடும் நாளாக இருந்தது. அன்று தொடக்கம் பெப்ரவரி 22 வரை பால்ட்டிக் கடலில் சரக்குக் கப்பல் ஓட்டக் கூடாதென்று, ஜேர்மனியின் லூபெக் நகரைத் தலைமையாகக் கொண்டிருந்த அந்த வணிகக் கூட்டமைப்பு மத்திய காலத்தில் விதி செய்திருந்தது. எஸ்தோனியாவின் தலைநகரான தாலினுக்கு நான் போய் இறங்கியது அந்தத் திகதி கழிந்த சில நாட்களில்தான். அங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கும் அக்காவின் மகனுக்கு அப்போதுதான் சற்று ஓய்வு கிடைத்தது. விமானக் கட்டணமும் கோடைகாலத்தை விடக் குறைவாக இருந்தது. “மாரிக்குத் தப்பி அதவிட மோசமான இடத்துக்கா போறாய் தம்பி?” என்று அக்கா கேட்டார். விசா எடுத்த கதையை இங்கே எழுதப்போவதில்லை. அது தனியாக ஒரு புராணம்.

அக்காவின் கேள்வியில் நியாயம் இருந்தது. மட்டக்களப்பில் கார்த்திகை என்றால் வெள்ளம், அடைமழை, வாடைக்காற்று. கரைவலைத் தோணிகள் மணலில் ஏற்றப்பட்டு, கடலை நம்பிய குடும்பங்கள் வாவிக்குத் திரும்பும் காலம் அது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியை நேரில் கண்ட தலைமுறை இன்னும் இருக்கிறபடியால், அந்த மாதத்தை நம்மவர்கள் யாரும் இலேசாக எடுப்பதில்லை. தாலினின் நவம்பரோ வேறு வகையானது. ஆண்டு முழுவதற்குமாக அங்கே ஏறக்குறைய 700 மில்லிமீற்றர் மழைதான் விழுகிறது. நமக்கு அதன் இரு மடங்குக்கு மேல் கிடைக்கிறது, அதிலும் பெரும்பகுதி மாரியில். ஆனால் அங்குள்ள மழை கொட்டித் தீர்ந்துவிடுவதில்லை. தூறலாக, ஈரக் காற்றாக, சில வேளைகளில் தரையைத் தொட்டவுடன் கரையும் பனித்துகளாக, நாள் முழுவதும் தொங்கிக்கொண்டே இருக்கும். வெப்பநிலை உறைநிலைக்குச் சற்று மேலே நிற்கும். மரங்களில் இலையும் இல்லை, நிலத்தில் வெண்பனியும் இல்லை. படம் எடுத்து மாட்டி வைக்க ஏற்ற காலமென்று யாரும் சொல்லமாட்டார்கள்.

வெளிச்சம்தான் பெரிய வேறுபாடு. தாலின் வட அகலக்கோடு 59 பாகைக்கு மேலே இருக்கிறது. நவம்பர் மூன்றாம் வாரத்தில் காலை எட்டரை மணியை ஒட்டியே சூரியன் எழுகிறது. பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடுகிறது. அதனால் இருட்டில் வீதியில் நடப்பவர்கள் ஒளியைத் திருப்பி அனுப்பும் சிறு தகடு ஒன்றை உடையில் தொங்கவிட வேண்டுமென்பது அங்கே சட்டம். விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்னரே மருமகன் அப்படியொன்றை என் கையில் தந்தான். “மாமா, இத கோட்டுப் பக்கத்தில குத்திக்கொள்ளுங்க. இல்லாட்டிப் பொலிஸ் தண்டம் அடிக்கும்” என்றான். ஆந்தை வடிவிலான அந்தத் தகடு முழங்கால் உயரத்தில் நூலில் ஆட வேண்டும். வாகன விளக்கு படுவது அந்த உயரத்தில்தானாம். முதியோர், பள்ளிப் பிள்ளைகள், அலுவலகம் போகிறவர்கள் எல்லோருடைய உடையிலும் இப்படியொரு சிறு பொருள் ஆடிக்கொண்டிருந்தது. களுவாஞ்சிக்குடி வீதியில் இரவு சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் இதைக் கட்டாயமாக்கினால் நல்லது என்று தோன்றியது.

மறுநாள் காலை பிரித்தா கடற்கரைக்குப் போனோம். அருகில் 1577இல் நான்காம் இவான் மன்னனின் ரஷ்யப் படைகள் அழித்த பிரிஜித் கன்னியர் மடத்தின் சுவர்கள் கூரையின்றி நிற்கின்றன. ஆனால் நான் போனது கடல்நீரை நாவில் வைத்துப் பார்ப்பதற்காகவே. கல்லடிக் கடலில் குளித்து வளர்ந்த எவருக்கும் அந்த நீர் ஏமாற்றமளிக்கும்; கரிக்கவே இல்லை. திறந்த சமுத்திரத்தில் ஒரு லீற்றர் நீரில் 35 கிராம் அளவு உப்பு இருக்கும்போது, தாலின் விரிகுடாவில் ஆறு கிராம் அளவே இருக்கிறது. நூற்றுக்கணக்கான ஆறுகள் பால்ட்டிக்கினுள் நன்னீரைக் கொட்டிக்கொண்டிருக்க, வெளிக்கடலின் உப்புநீர் உள்ளே வருவதற்கு டென்மார்க்கை ஒட்டிய ஒடுங்கிய நீரிணைகளே வழி. நமது வாவி மாரியில் ஆற்றுநீரால் நிறைந்து, முகத்துவாரம் வெட்டப்படும் முன்னர் எந்தச் சுவையில் இருக்குமோ, அந்தச் சுவையில்தான் அங்கே கடலே எப்போதும் இருக்கிறது. ஆகவே ஏரியில் வாழ வேண்டிய மீனினங்களும் கடலுக்குரிய ஹெரிங் மீனும் அங்கே ஒரே வலையில் விழுகின்றன. வற்றுப்பெருக்கும் கண்ணுக்குப் புலப்படாத அளவே.

இந்த உப்புக் குறைவு இரண்டு விளைவுகளைத் தந்தது. நான் பார்த்த நகரம் அந்த இரண்டிலுமிருந்து பிறந்தது என்பதே என் கருத்து. முதலாவது, உப்புக் குறைந்த நீர் விரைவில் உறையும். சமுத்திர நீர் உறைவதற்குப் பூச்சியத்துக்குக் கீழே ஏறக்குறைய இரண்டு பாகை வேண்டும். தாலின் விரிகுடா நீருக்குப் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே போனாலே போதும். அதனால்தான் துறைமுகம் குளிர்காலத்தில் அடைபட்டது, வணிகர்களின் விதியும் வந்தது. இரண்டாவது, அந்த நீரைக் காய்ச்சி உப்பு எடுப்பது கட்டுப்படியாகாது. காயவைக்கவோ அங்கே வெயில் இல்லை. வெயில் தவறினால் உப்பு என்னவாகும் என்பதை 2025இல் நாமும் கண்டோம்: மழையால் உப்பளங்களில் விளைச்சல் கெட்டு, நாலு பக்கமும் கடல் சூழ்ந்த நம் நாடே இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்ய வேண்டி வந்தது. பால்ட்டிக் கரையில் அதுவே நிரந்தர நிலை.

உப்பு இல்லாமலோ அந்த மக்களால் குளிர்காலத்தைக் கடக்க முடியாது. நவம்பர் மாதம் கால்நடைகளை அறுக்கும் மாதம். குளிர்காலம் முழுவதற்கும் தீவனம் இல்லாதபடியால், அறுத்த இறைச்சியை உப்பிட்டு வைத்தாக வேண்டும். மீனுக்கும் கோவாவுக்கும் காளானுக்கும் அப்படியே. இந்தத் தேவையைத்தான் தாலின் வணிகர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1219இல் டென்மார்க் மன்னர் இரண்டாம் வால்டெமர் கைப்பற்றிய பின்னர், ரேவால் என்ற பெயரோடு வளர்ந்த இந்நகரம் 1248இல் லூபெக் நகரின் சட்டத்தைத் தன் சட்டமாகப் பெற்றது. பிரான்சின் மேற்குக் கரையிலுள்ள பூர்ன்னெஃப் விரிகுடாவில் வெயிலில் விளைந்த உப்பு, கப்பல் கப்பலாக இங்கே வந்து இறங்கியது. ஒரு பகுதி உள்ளூருக்கு. பெரும் பகுதி கிழக்கே ரஷ்யாவின் நோவ்கொரொட் வரை. அங்கிருந்து மென்மயிர்த் தோலும் தேன்மெழுகும், இங்கிருந்து ரை என்ற குளிர்நாட்டுத் தானியமும் மேற்கே திரும்பின. தாலின் உப்பின் மேல் கட்டப்பட்ட நகரம் என்று அங்குள்ளவர்கள் சொல்வது சும்மா பேச்சல்ல.

இதில் நமக்கும் ஒரு நூல் ஓடுகிறது. பிற்காலத்தில் இந்த வணிகத்தைக் கையில் எடுத்தவர்கள் ஒல்லாந்தர்கள். உப்பை ஏற்றிக்கொண்டு பால்ட்டிக்குக்குப் போய், தானியத்தை ஏற்றிக்கொண்டு திரும்பிய அந்தப் போக்குவரத்தைத் தங்கள் செல்வங்களுக்கெல்லாம் தாய் வணிகம் என்றே அவர்கள் அழைத்தார்கள். கீழைத்தேயக் கப்பல்களைக் கட்டுவதற்கு வேண்டிய பணமும் மரமும் சணலும் தாரும் அந்த வழியாகவே சேர்ந்தன. 1628இல் போர்த்துக்கேயர் மட்டக்களப்பின் புளியந்தீவில் எழுப்பிய கோட்டையை 1638இல் பிடித்தவர்கள் அதே ஒல்லாந்தர்கள்தானே. நம் கோட்டைச் சுவரில் சாய்ந்து நின்று பீரங்கிகளைப் பார்த்த பள்ளிக் காலத்தில், அவற்றின் பின்னால் எங்கோ ஒரு வடகடலின் உப்பு மூட்டைகளும் தானிய மூட்டைகளும் இருக்கின்றன என்று எந்த ஆசிரியரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

பழைய நகருக்குள் மிக நீளமானதும் பழைமையானதுமான வீதிகளில் ஒன்று பிக் வீதி. துறைமுகத்திலிருந்து மேல்நகரை நோக்கி ஏறும் அந்த வீதியில் நான் அதிக நேரம் செலவிட்டேன். கோடைப் பயணிகள் இல்லாதபடியால் வீதியின் நடுவில் நின்று அண்ணாந்து பார்க்க முடிந்தது. வணிகர் வீடுகள் எல்லாம் ஒடுங்கிய முகப்போடு, கூரை செங்குத்தாக உயர்ந்து நிற்கின்றன. முகப்பின் நடுக்கோட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக மரக்கதவுகள். ஆள் நுழைவதற்கான கதவுகள் அல்ல அவை. முதல் மாடிக்கும் அதற்கு மேலுள்ள தட்டுகளுக்கும் சரக்கு ஏற்றும் வாய்கள். உச்சியிலிருந்து ஓர் உத்திரம் வீதிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் கப்பியும் கயிறும் மாட்டி, கீழே வண்டியில் வந்த உப்பையும் தானியத்தையும் மேலே இழுத்திருக்கிறார்கள். குடும்பம் கீழே, களஞ்சியம் மேலே. ஈரம் தரையிலிருந்து ஏறுகிற ஊரில் உப்பை மேலே வைப்பதுதான் புத்தி. மூன்று சகோதரிகள் என்று அழைக்கப்படும் 15ஆம் நூற்றாண்டு வீட்டுத் தொகுதியில் இந்தக் கதவுகளை நன்றாகப் பார்க்கலாம். அது இப்போது ஹோட்டல், உள்ளே போய்த் தங்கும் வசதி நமக்கில்லை.

சில வீடுகளின் வாசற்படிக்கு இரு பக்கமும் ஆள் உயரச் சுண்ணாம்புக்கற் பலகைகள் நிறுத்தப்பட்டுள்ளன. அவற்றை ஒட்டிய கல் இருக்கைகளில் வீட்டுக்காரர் மாலையில் அமர்ந்து, வீதியில் போவோர் வருவோரோடு பேசியிருப்பார். நம் ஊர்த் திண்ணையேதான். பலகையின் தலைப்பகுதியில் ரோஜா வடிவும் குடும்பச் சின்னமும் செதுக்கியிருக்கிறார்கள். ஒன்றின் மேல் கைவைத்துப் பார்த்தேன்: மழையில் நனைந்த கல் சாம்பல் நிறத்திலிருந்து கருநீலமாக மாறியிருந்தது, கைபடும் விளிம்பு மட்டும் சவர்க்காரக் கட்டியைப் போல வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது.

இந்த வீடுகளைச் சூடாக்கிய முறையைக் கேட்டபோதுதான் நவம்பரில் வந்ததன் பயன் எனக்குப் புரிந்தது. நிலவறையில் ஓர் அடுப்பு; அதற்கு மேலே கருங்கற்கள் நிரப்பிய அறை. விறகை எரித்துக் கற்களை நன்றாகக் காய வைப்பார்கள். நெருப்பு அணைந்து புகை வெளியேறிய பின்னர், மேலே தரையிலுள்ள துளைகளின் மூடிகளைத் திறந்துவிட்டால், கற்களின் சூடு தூய காற்றாக அறைக்குள் ஏறும். வாசலுக்கு அடுத்த பெரிய கூடம் வணிகத்துக்கு. அதன் பின்னால் உள்ள சூடான அறையே குடும்பம் குளிர்காலத்தைக் கழித்த இடம். கடல் மூடப்பட்ட பின்னர், கணக்கைப் பார்ப்பதும் கடனைத் தீர்ப்பதும் திருமணம் பேசுவதும் சங்கக் கூடங்களில் விருந்துண்பதும் அந்த மூன்றரை மாதங்களில்தான் நடந்திருக்கும். 1410ஐ ஒட்டி எழுந்த பெரிய வணிகர் சங்கக் கூடம் இன்று வரலாற்று நூதனசாலையாக இருக்கிறது. மணமாகாத வணிகர்களின் சங்கமான கறுந்தலையர் மண்டபத்தின் கதவுக்கு மேலே, அவர்களுடைய காவற் புனிதரான ஆபிரிக்க வீரர் மொரீஷியஸின் தலை செதுக்கப்பட்டிருக்கிறது.

இத்தனையும் எப்படித் தப்பின என்பதே அடுத்த கேள்வி. பாதுகாக்க வேண்டுமென்று யாரும் நினைத்ததால் அல்ல. 1494இல் மாஸ்கோவின் மூன்றாம் இவான் நோவ்கொரொட்டிலிருந்த ஹன்சா வணிக நிலையத்தை மூடினார். 1558இல், பால்ட்டிக் கரைக்காக ரஷ்யாவும் அண்டை நாடுகளும் மோதிய லிவோனியப் போர் தொடங்கியது. 1561இல் நகரம் சுவீடனின் கைக்குப் போனது. 1710இல் ரஷ்யப் படைகள் நெருங்கியபோது உள்ளே கொள்ளைநோய் பரவி, மக்களில் நான்கில் மூன்று பங்கினர் வரை மடிந்தார்கள். வணிகமோ புதிதாக எழுந்த சென் பீட்டர்ஸ்பேர்க்குக்குப் போய்விட்டது. இடித்துப் புதிதாகக் கட்டுவதற்குப் பணம் இல்லாத ஊரில் பழைய வீடு நிற்கும். அதனாலேயே ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர் மதிலும் அதன் கோபுரங்களில் பலவும் இன்றுவரை நிலைத்திருக்கின்றன. 1997இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது அந்த வறுமையின் பயனைத்தான் என்று சொல்வேன்.

நகரசபைச் சதுக்கத்தைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், சுருக்கமாகவே சொல்கிறேன். நகரசபைக் கட்டடம் இன்றைய வடிவில் 1404இல் முடிந்தது. எதிர்மூலையில் உள்ள மருந்தகத்தைப் பற்றிய முதற்குறிப்பு 1422ஆம் ஆண்டுக்குரியது. அதே வீட்டில் இன்றும் மருந்து விற்கிறார்கள். ஒரே குடும்பம் 300 ஆண்டுகளுக்கு மேலாக அதை நடத்தியிருக்கிறது. தடிமனுக்கு மாத்திரை வாங்கினேன். அடுத்த அறையில் மத்திய கால மருந்துகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், அவற்றைப் பார்த்த பின்னர் மாத்திரையின் மேல் மரியாதை கூடியது.

ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தைக்கு இருமுறை போகத் தோன்றியது. அங்கேதான் உப்பு இன்னும் ஆட்சி செய்கிறது. உப்பிட்டுப் புளிக்க வைத்த கோவா பீப்பாய்களில் இருந்தது. அருகில் உப்பிட்ட காளான், உப்புநீரில் பெருஞ்சீரகச் செடியை ஒத்த ஒரு தழையோடு ஊறிய வெள்ளரிப் பிஞ்சு. தலையில் கம்பளித் துணி கட்டியிருந்த மூதாட்டி ஒருவர், நான் வாங்குபவன் அல்ல என்று தெரிந்தும், குச்சியில் குத்தி ஒரு துண்டை நீட்டினார். நாட்டின் தேசிய உணவு என்று சொல்லத்தக்கது ரை மாவில் செய்த கறுப்புப் பாண். புளிப்பும் இனிப்பும் சேர்ந்து, பிசுபிசுவென்று கனமாக இருக்கும். அதன் மேல் வெண்ணெய் தடவி, நெத்தலியைவிடச் சற்றுப் பெரிய மீனை உப்பிலும் வாசனைத் திரவியங்களிலும் ஊறவைத்து, பச்சையாகவே முதுகெலும்பை உருவி எடுத்து விரித்து வைத்து, அவித்த முட்டையோடு தருகிறார்கள். மிளகும் சாதிக்காயும் அந்த ஊறலில் கலந்திருப்பது மூக்குக்குத் தெரிந்தது. கருவாடு தின்று வளர்ந்த நாவுக்கு இது பழகுவதில் சிரமமே இல்லை. சற்றுத் தேசிக்காய்ப் புளி விட்டால் இன்னும் நன்றாயிருக்கும் என்று மருமகனிடம் சொன்னேன், “சும்மா இருங்க மாமா, இவங்களுக்குக் கேட்டிரும்” என்றான், தமிழ் விளங்கும் ஆட்கள் போல.

பருத்த மார்கரெட் என்ற கோபுரம் பிக் வீதியின் கடற்புற வாயிலில் இருக்கிறது. கடல்சார் நூதனசாலை அதனுள்ளே. 2015இல் கட்ரியோர்க் பகுதியில் கட்டட வேலைக்காக நிலத்தைத் தோண்டியபோது அகப்பட்ட, 700 ஆண்டு பழைய வணிகக் கப்பலொன்றின் அடிப்பகுதி அங்கே கிடத்தப்பட்டிருக்கிறது. கப்பல் நிலத்துக்குள் கிடந்ததற்குக் காரணம் உண்டு: பனியுகப் பனிப்பாறைகளின் பாரம் நீங்கியதால் எஸ்தோனியாவின் வடகரை ஆண்டுக்கு மில்லிமீற்றர் கணக்கில் இன்றும் உயர்ந்துகொண்டிருக்கிறது. பக்கப் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க, பொருத்துகளுக்குள் பாசியைத் திணித்து நீர்புகாமல் அடைக்கும் முறையில் இவ்வகைக் கப்பல்கள் கட்டப்பட்டன. பலகையில் கோடரி பட்ட தழும்பு தெரிகிறது. பயண விதியை மீறி டிசம்பரில் கடலில் இறங்கியவன் நம்பியது இந்தப் பாசியையும் பலகையையும்தான் என்று எண்ணியபோது, விதி செய்தவர்களைக் கோழைகள் என்று சொல்ல மனம் வரவில்லை.

நிகுலிஸ்தே தேவாலயத்துக்கு நான் போனது பேர்ண்ட் நோட்கேயின் மரண நடன ஓவியத்துக்காக. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தீட்டப்பட்ட அந்த நீண்ட ஓவியத்தில் எஞ்சியிருப்பது ஏழரை மீற்றர் அளவு. பாப்பரசர், பேரரசர், பேரரசி, கர்தினால், மன்னர் ஆகியோரை எலும்புக்கூடுகள் கைப்பிடித்து ஆடவைக்கின்றன. வணிகரின் உருவம் எஞ்சிய பகுதியில் இல்லை. உப்பு விற்றவர்களின் காணிக்கையில் வளர்ந்த கோயிலில் அது ஒரு குறையென்றே எனக்குப் பட்டது. 1944 மார்ச் 9ஆம் திகதி இரவு சோவியத் விமானங்கள் குண்டு வீசியபோது கோயில் எரிந்தது. ஓவியம் முன்கூட்டியே அகற்றப்பட்டிருந்ததால் தப்பியது. நவம்பர் 2ஆம் திகதி, இறந்தோர் நினைவு நாளில், எஸ்தோனியர்கள் வீட்டு யன்னல்களில் மெழுகுதிரி ஏற்றுவார்களாம். புளியந்தீவுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் அதே நாளில் சேமக்காலைக்கு மெழுகுதிரியோடு போவதை மருமகன் தன் நண்பர்களுக்குச் சொன்னபோது, வெப்ப நாட்டில் மெழுகு வளைந்து போகாதா என்பதே அவர்களின் ஒரே கேள்வியாக இருந்ததாம்.

மேல்நகரான தூம்பியாவில் பார்க்க வேண்டியது நீண்ட ஹெர்மன் கோபுரத்துக் கொடியேற்றம். சூரிய உதயத்தோடு நீலம், கறுப்பு, வெள்ளைக் கொடி தேசிய கீதத்துடன் ஏறும். கோடையில் அது காலை ஏழு மணிக்கே ஏறிவிடும். நவம்பரில் காலை உணவை முடித்துக்கொண்டு ஆறுதலாக நடந்து போகலாம். சோவியத் ஆட்சி முடியும் முன்னரே, 1989 பெப்ரவரி 24இல் அந்தக் கொடி மீண்டும் ஏறியது. அதே ஆண்டு ஓகஸ்ட் 23இல் இக்கோபுரத்தின் அடியிலிருந்து வில்னியஸ் வரை 600 கிலோமீற்றருக்கு மேல் மக்கள் கைகோத்து நின்றார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். சப்பாத்தின் அடி பிடிப்புள்ளதாக இருக்கட்டும். ஈரக் கருங்கற் பாதையில் நம்மூர்த் தோற் சப்பாத்து வழுக்கும். குடை காற்றில் நிற்காது, தொப்பியுள்ள மழைச்சட்டை வேண்டும். வெளிச்சம் உள்ள நேரத்தை வீதிகளுக்கும் மதிலுக்கும் கொடுத்து, நூதனசாலைகளை மூன்று மணிக்குப் பின்னர் வைத்துக்கொள்ளுங்கள். நத்தார்ச் சந்தையைக் காண விரும்புவோர் நவம்பர் கடைசிவரை பொறுத்துப் போவது நல்லது, ஆனால் கூட்டமும் விலையும் அதோடு சேர்ந்தே வரும். ஒருநாள்தான் இருக்கிறதென்றால் அலெக்சாந்தர் நெவ்ஸ்கி பேராலயத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டுப் பருத்த மார்கரெட்டுக்குப் போங்கள். அந்தக் கப்பலின் முன்னால் போதிய நேரம் நின்றால், பிக் வீதி வீடுகளின் மேற்கதவுகள் எதற்காகத் திறந்தன என்பது தானாகவே விளங்கும்.